ஸ்பிரிங் சூட் போட்டும் குளிர்கிறதா, தோள் வலிக்கிறதா? அறிகுறி பார்த்துக் காரணம் கண்டுபிடிக்க

சிட்னியில் சர்ஃபிங் செய்யும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். மேன்லி, டீ வை, மரூப்ரா, க்ரோனுல்லா என்று எங்கே இறங்கினாலும் அக்டோபர், நவம்பரிலும் மே, ஜூனிலும் இதே குழப்பம்தான். கணுக்கால்வரை மூடும் 3/2 வெட்சூட் (உடம்புக்கு 3, கைகாலுக்கு 2 மி.மீ. தடிமன்) கனமாகத் தெரிகிறது. வெறும் நீச்சலுடையில் நடுக்கம் எடுக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஸ்பிரிங் சூட்: தொடையோடு நின்றுவிடும் கால், முழுக்கை அல்லது அரைக்கை, பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் நியோப்ரீன்.

வாங்கிய பிறகு ஏதோ ஒன்று சரியில்லை என்று தெரிந்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னும் தடிமனானது வாங்கட்டுமா?" என்பது. தடிமன் கடைசியாகப் பார்க்க வேண்டியது. தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது, ரப்பர் எங்கே உடம்பை விட்டு விலகி நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நியோப்ரீன் என்பது இட்லிபோல உள்ளே நுண்ணிய காற்றுக்கண்கள் நிறைந்த ரப்பர். குளிரைத் தடுப்பது அந்தக் கண்களில் அடைபட்ட வாயு. தோலுக்கும் ரப்பருக்கும் இடையில் தேங்கும் கொஞ்சம் தண்ணீர் உடல் சூட்டில் வெதுவெதுப்பாகும். அது அங்கேயே நின்றால் கவலை இல்லை. ஒவ்வொரு அலையிலும் அது வெளியேறிப் புதுத் தண்ணீர் நுழைந்தால், 2 மி.மீ. போட்டாலும் 3 மி.மீ. போட்டாலும் குளிரும்.

கீழே உங்களுக்கு நடப்பது எதுவோ அதை மட்டும் படித்தால் போதும்.

டக் டைவ் செய்யும்போது (வரும் அலைக்கு அடியில் பலகையோடு முங்கும்போது) முதுகில் சில்லென்று தண்ணீர் பாய்கிறது

அதிகம் கேட்கும் புகார் இதுதான். பெண்களின் உடல்வாகு இதற்கு ஒரு முக்கியக் காரணம். இடுப்புக்கு மேலே முதுகு உள்வளைந்து இருப்பதால், அளவு சரியாகத் தெரிகிற சூட்டிலும் அந்த இடத்தில் ஒரு பை உண்டாகிவிடுகிறது. கழுத்து வழியாக நுழையும் தண்ணீர் அங்கே போய்த் தேங்குகிறது.

கண்டுபிடிக்கும் விதம்: சூட்டை உலர்ந்த நிலையில் போட்டுக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். இடுப்புக்கு மேல் முதுகுப் பக்கத் துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். தோலை விட்டு அது எளிதாக எழும்பினால் அங்கே இடைவெளி இருக்கிறது. அதே சோதனையை அக்குளிலும் மார்புக்குக் கீழேயும் செய்யுங்கள். உலர்ந்த நிலையில் சற்று இறுக்கமாக இருக்க வேண்டும். நனைந்தால் கொஞ்சம் இளகும். கடையில் "ஆகா, எவ்வளவு வசதி" என்று தோன்றுகிற சூட் கடலில் பெரிதாகத்தான் இருக்கும்.

முதுகில் மட்டும் பை விழுந்து மற்ற இடமெல்லாம் சரியாக இருந்தால், ஓர் அளவு குறைப்பதைவிட வேறு பிராண்டைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு நிறுவனமும் இடுப்பையும் முதுகையும் வேறுவேறு விகிதத்தில் வெட்டுகிறது. அளவுச்சீட்டையும் கவனியுங்கள். ஆஸ்திரேலியக் கடைகளில் விற்கும் சூட்டுகளிலும் சிலவற்றில் அமெரிக்க எண்தான் இருக்கும். அமெரிக்க 4 என்பது இங்கத்திய 8. துணிக்கடை எண்ணை நம்பி இணையத்தில் வாங்கியவர்களுக்கு இரண்டு அளவு பெரிய சூட் வந்து சேர்வது இப்படித்தான்.

அளவு சரி, ஆனாலும் தண்ணீர் வருகிறது என்றால் கழுத்தைப் பாருங்கள். பிகினி மேலுடையின் முடிச்சு பிடரியில் இருக்கிறதா? அந்த முடிச்சு சூட்டின் கழுத்துப் பட்டியைத் தூக்கிப்பிடித்து வழி திறந்துவிடுகிறது. பின்பக்கம் தட்டையாக இருக்கும் மேலுடையை உள்ளே போடுங்கள். நம்மில் பலருக்கு முடி அடர்த்தி. பின்னாமல் விட்ட முடியில் ஒரு கொத்து பட்டிக்குள் மாட்டிக்கொண்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் இறங்கும். வெல்க்ரோவும் முடியைப் பிய்க்கும். முதலில் பின்னல், பிறகு சூட். கழுத்துச் சங்கிலியும் தாலிக்கொடியும் இதே வேலையைச் செய்யும். பலகையில் குப்புறப் படுக்கும்போது தாலி நெஞ்செலும்பில் அழுந்திக் காயமும் ஆக்கும். கழற்ற மனம் வராதவர்கள், பட்டியின் விளிம்பில் படாதபடி கொடியைக் கீழே இறக்கி உள்ளாடைக்குள் மடித்துவைத்துப் போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவதுதான் என் விருப்பம். கடலில் ஒரு கொக்கி விட்டுப்போனால் திரும்பக் கிடைக்காது.

கடைசியாகத் தையல். சூட்டை உள்புறம் வெளியே திருப்பிப் பாருங்கள். ரயில் தண்டவாளம் மாதிரி அகலமான தையல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிந்தால் அது ஃபிளாட்லாக். ஊசி ரப்பரை முழுவதும் துளைத்துப் போயிருக்கிறது. துளை வழியாகத் தண்ணீர் கசியும். தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் இருந்தால் இது தொந்தரவு இல்லை, விலையும் குறைவு. ஓரங்களைப் பசையால் ஒட்டி, ரப்பரின் பாதி ஆழம்வரை மட்டும் தைத்த சூட் கசியாது. அக்டோபரிலேயே இறங்குகிறவர்கள் கூடுதல் பணத்தை மில்லிமீட்டருக்குக் கொடுப்பதைவிட இந்தத் தையலுக்குக் கொடுக்கலாம்.

பேடில் செய்யும்போது (பலகையில் குப்புறப் படுத்துக் கையால் துழாவும்போது) சரி, அலைக்குக் காத்து உட்கார்ந்ததும் நடுங்குகிறது

நடுக்கம் எந்த மாதத்தில் என்று முதலில் சொல்லுங்கள். கடல் காற்றைப்போல உடனே மாறாது. சிட்னிக் கடல் அதிகம் சூடாக இருப்பது பிப்ரவரி, மார்ச்சில், ஏறத்தாழ 23 டிகிரி. அதிகம் குளிர்வது ஆகஸ்ட், செப்டம்பரில், 17, 18 டிகிரி அளவில். அதனால் அக்டோபரில் வெயில் சுள்ளென்று அடிக்கும், தண்ணீர் மட்டும் இன்னும் குளிர்காலத்திலேயே இருக்கும். மே மாதத்தில் இது தலைகீழ்: தண்ணீர் 20 டிகிரிக்குப் பக்கத்தில் இதமாக இருக்கும், காலையில் கரையிலிருந்து வீசும் மேற்குக் காற்றுதான் ஈரத்தின் மேல் பட்டு எலும்பைத் தொடும். இரண்டையும் இடைப்பருவம் என்றே சொல்கிறோம். ஆனால் இரண்டுக்கும் தேவைப்படும் சூட் வேறு.

உட்கார்ந்ததும் நடுங்கினால் உங்கள் எதிரி காற்று. சூட்டின் வெளிப்பக்கம் துணி போர்த்திய நியோப்ரீன் என்றால், அந்தத் துணி தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. காற்று அதை உலர்த்தும்போதெல்லாம் உடம்பின் சூடு போகிறது. இதற்குத்தான் மார்பிலும் முதுகிலும் வழவழப்பான ஸ்மூத்ஸ்கின் வைத்த சூட்டுகள் இருக்கின்றன. தண்ணீர் வழிந்து ஓடிவிடும், காற்று உள்ளே புகாது, கறுப்பு நிறம் வெயிலையும் வாங்கிக்கொள்ளும். குறை என்னவென்றால் நகம் பட்டால் கிழியும். மே மாதத்துக்கு மட்டும் ஒன்று வாங்குவதானால் 2 மி.மீ. முழுக்கை ஸ்மூத்ஸ்கின் என்பேன். கையின் மேற்பகுதியில்தான் காற்று அதிகம் படுகிறது. அரைக்கைக்கும் முழுக்கைக்கும் உள்ள வேறுபாட்டை மே மாதக் காலை நேரத்தில் நன்றாக உணரலாம்.

இறங்கிய முதல் நிமிடத்திலேயே தொடையும் முழங்காலும் வலிக்கிற மாதிரி குளிர்ந்தால் எதிரி தண்ணீர். செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் பாதியில் ஸ்பிரிங் சூட் பலருக்குப் போதாது. அதில் பிழை நீக்க ஒன்றும் இல்லை. அந்த நாட்களுக்கு 3/2 முழு சூட்தான் சரி. தண்ணீர் 19 டிகிரியைத் தாண்டிய பிறகு ஸ்பிரிங் சூட்டை எடுங்கள். ஒல்லியாக இருப்பவர்கள், அதிகம் பேடில் செய்யாமல் லாங் போர்டில் உட்கார்ந்து காத்திருப்பவர்கள் இன்னொரு டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள்.

நடுக்கம் நிற்காமல் தொடர்ந்தால், விரல்கள் சொன்னபடி கேட்காமல் போனால், பேச்சு குழறினால் அடுத்த அலைக்கென்று காத்திருக்காதீர்கள். கரைக்கு வந்து ஈரத்தைக் கழற்றி உலர்ந்த உடை போடுங்கள். இந்த விஷயத்தில் வீரம் வேண்டாம்.

நேற்று இதமாக இருந்த தண்ணீர் இன்று உறைய வைக்கிறது

சூட்டில் கோளாறு இல்லை. நவம்பர், டிசம்பரில் வடகிழக்குக் காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் வீசினால் இப்படி ஆகும். அந்தக் காற்று கரையை ஒட்டியே தெற்கு நோக்கி வீசுகிறது. பூமியின் சுழற்சியால் தென் அரைக்கோளத்தில் மேல்மட்டத் தண்ணீர் காற்றின் திசைக்கு இடப்பக்கமாக, அதாவது கரையை விட்டு வெளியே நகர்கிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. வெயில் 30 டிகிரி அடிக்கும்போது கால் வைத்தால் செப்டம்பர் மாதிரி இருக்கும். வடக்கிலிருந்து வெதுவெதுப்பைக் கொண்டுவரும் கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டத்தை மட்டும் நம்பி, கோடை வந்துவிட்டது என்று 3/2 சூட்டைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். டிசம்பர் முடியும்வரை காரில் இருக்கட்டும். கிளம்பும் முன் காற்றின் திசையையும் அன்றைய கடல் வெப்பத்தையும் பார்ப்பது, வானிலைப் பக்கத்தில் வெயில் எவ்வளவு என்று பார்ப்பதைவிட உதவும்.

அரை மணி நேரத்திலேயே தோள் ஓய்ந்துபோகிறது

உடற்பயிற்சி போதவில்லை என்று உங்களையே குறை சொல்லிக்கொள்ளும் முன் சூட்டைச் சோதியுங்கள். இரண்டு கையையும் நேராக மேலே தூக்குங்கள். தொடை இடுக்கில் துணி இழுத்தால் சூட்டின் உடல் நீளம் உங்களுக்குக் குறைவு. ஒவ்வொரு பேடிலிலும் உங்கள் தோள் முழு சூட்டையும் தூக்கிக்கொண்டிருக்கிறது. உயரமானவர்களுக்கு நீள அளவு தனியாகக் கிடைக்கிறது. அகலம் அதேதான் இருக்கும், உடல் மட்டும் நீளும்.

நீளம் சரியாக இருந்தால், போட்ட விதத்தைப் பாருங்கள். மிகப் பலருக்குப் பிரச்சினை இங்கேதான் தீர்ந்துவிடுகிறது. காலிலிருந்து சூட்டை நன்றாக மேலேற்றாமலே கையை நுழைத்துவிடுகிறார்கள். தொடை, இடுப்பு, வயிறு என்று படிப்படியாகத் துணியை மேலே தள்ளி, தொடை இடுக்கில் இடைவெளி இல்லை என்று பார்த்த பிறகு கையை விடுங்கள். அக்குளில் துணி ஒட்டி நிற்க வேண்டும். கைப்பகுதியில் மடிப்பு விழுந்தால் மணிக்கட்டிலிருந்து தோளை நோக்கி ஏற்றிவிடுங்கள்.

அதற்குப் பிறகும் வலித்தால்தான் தடிமன். சீட்டில் 2/1 என்றிருந்தால் உடம்புக்கு 2, கைக்கு 1 மி.மீ. என்று பொருள். 2/2 என்றால் எல்லாம் ஒரே தடிமன். தோள்பட்டை மெலிந்தவர்களுக்கும் நெடுநேரம் பேடில் செய்பவர்களுக்கும் 2/1 நல்லது. ஆண்களுக்கான சூட்டைச் சின்ன அளவில் வாங்கிப் போட்டிருந்தால் சிக்கல் அதிலேயே இருக்கலாம்: தோள் அகலமாக, இடுப்பு ஒடுக்கமாக வெட்டியிருப்பதால் மேலே தொளதொளவென்றும் கீழே இறுக்கியும் நிற்கும்.

மார்பை நசுக்குகிறது, மூச்சு முழுதாக இழுக்க முடியவில்லை

நேராக நின்று சோதித்தால் போதாது. கடை என்று கூச்சப்படாமல் தரையில் குப்புறப் படுத்து, தலையை உயர்த்தி, பேடில் செய்யும் நிலையில் ஆழமாக மூச்சு இழுத்துப் பாருங்கள். மூன்று மூச்சு தாராளமாக வரவில்லை என்றால் அந்தச் சூட் வேண்டாம். ஒரே அளவு எண் போடும் இரண்டு பெண்களுக்கு மார்பளவு ஒன்றாக இருக்காது. மார்பு பெரிதாக இருப்பவர்களுக்கு முன்புற ஜிப் வைத்தது போடவும் கழற்றவும் எளிது. ஆனால் ஜிப்பின் பற்கள் பலகையில் அழுந்தி விலாவில் தடம் விடும். ஷார்ட் போர்டில் நிறைய பேடில் செய்பவர்களுக்கு அது தொல்லை. பின்புற ஜிப்பில் மார்பு நிம்மதியாக இருக்கும். அதற்குப் பதிலாக முதுகுத்தண்டு நெடுக ஒரு விறைப்பும், உள்பக்க மடல் இல்லாவிட்டால் கொஞ்சம் கசிவும் வரும். ஜிப்பே இல்லாதது வெதுவெதுப்பானது. நனைந்த பின் தனியாளாகக் கழற்றுவது பெரிய வேலை.

குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்மார்கள் முன்புற ஜிப்பைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். இறுக்கமான சூட்டை மணிக்கணக்கில் போட்டிருந்தால் பால் கட்டிக்கொள்ளும். சீக்கிரம் ஏறிக் கழற்றிவிடுங்கள்.

கழுத்து, அக்குள், தொடை உராய்ந்து எரிகிறது

கழுத்தில் என்றால் தலையைத் திருப்பித் திருப்பி அலையைப் பார்ப்பதால் பட்டியின் விளிம்பு அறுக்கிறது. மெல்லிய லைக்ரா மேலாடையை உள்ளே போட்டால் நின்றுவிடும். அக்குளில் என்றால் தளர்ச்சியான சூட்டின் மடிப்புதான் காரணம். இறுக்கத்தால் வருவதைவிடத் தளர்ச்சியால் வரும் உராய்வே அதிகம். உப்பும் மணலும் அந்த மடிப்பில் சேர்ந்து தேய்க்கின்றன. பெட்ரோலியம் ஜெல்லி தடவுவது ரப்பருக்கும் தையலை ஒட்டியிருக்கும் பசைக்கும் நல்லதல்ல. தேங்காய் எண்ணெயையும் சூட் படும் இடத்தில் தவிர்த்துவிடுங்கள். வெட்சூட்டுக்கென்றே விற்கும் களிம்பு போதும்.

தொடையின் உள்பக்கமும் முழங்காலும் சிவந்திருந்தால் சூட்டைக் குறை சொல்ல முடியாது. மூடாத தோல் பலகையின் மெழுகில் தேய்கிறது. கால் சற்று நீளமான சூட்டோ, உள்ளே ஒரு லைக்ரா லெக்கிங்ஸோ போட்டால் சரியாகிவிடும்.

காலை மூடாமல் போக விருப்பமில்லை

இதைக் கூச்சத்தோடு கேட்கிறார்கள். கூச்சப்பட எதுவும் இல்லை. ஸ்பிரிங் சூட்டுக்குள் கணுக்கால்வரை வரும் சர்ஃப் லெக்கிங்ஸ் போடுவது இங்கே சாதாரணம். வெயிலில் தொடையின் பின்பக்கம் பொரிந்துபோவதிலிருந்தும் அது காப்பாற்றும். குப்புறப் படுத்திருக்கும்போது அந்த இடம்தான் நேராக வெயிலைப் பார்க்கிறது. மேல் பிட்டம்வரை வெட்டிய பிகினி வடிவச் சூட்டுகள் படத்தில் அழகு. ஆஸ்திரேலிய வெயிலுக்கு அவை போதாது.

இன்னொரு காரணமும் உண்டு. அதே வடகிழக்குக் காற்று ஜெல்லிமீன் போன்ற ப்ளூபாட்டில்களைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். அவற்றின் நீல இழை வெறுங்காலில் பட்டால் சுருக்கென்று எரியும். பட்டுவிட்டால் கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழையை எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய வெப்பத்தில், ஏறத்தாழ 45 டிகிரி வெந்நீரில், 20 நிமிடம் வைத்திருங்கள். மூச்சு வாங்கினாலோ உடம்பு வீங்கினாலோ உடனே உயிர்காப்புப் பணியாளர்களிடம் சொல்லுங்கள்.

போடும்போதே கிழிந்துவிட்டது

பிறை வடிவத்தில் ஒரு சின்ன வெட்டு என்றால் நகம். விரல் நுனியால் கிள்ளி இழுக்காமல் விரலின் சதைப்பகுதியால் பிடித்து ஏற்றப் பழகுங்கள். வளையல், மோதிரம், மெட்டி எல்லாம் முதலில் கழற்றிவிட வேண்டும். பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு காலை நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஈரச் சூட்டை உலர்ந்த உடம்பில் ஏற்றும்போதுதான் பெரும்பாலும் கிழிகிறது.

வெட்டு சின்னதாக இருக்கும்போதே ஒட்டிவிடுங்கள். சூட் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். நியோப்ரீன் பசையை வெட்டின் இரண்டு முகத்திலும் மெல்லியதாகத் தடவி, தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை விட்டு, இரண்டாவது பூச்சும் அப்படியே போட்டு, பிறகு முகத்தோடு முகம் வைத்து அழுத்துங்கள். ஈரப் பசையில் ஒட்டினால் பிடிக்காது. தையலோரம் பிரிந்திருந்தால் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது.

கழிப்பறைக்கும் மாதவிடாய் நாட்களிலும் கழற்ற முடியவில்லை

கழிப்பறைக்குப் போவது, மாதவிடாய் நாட்களில் மாற்றுவது எல்லாம் முன்புற ஜிப்பில் எளிது. பின்புற ஜிப் என்றால் கயிற்றைப் பிடித்துத் தனியாக இறக்கி ஏற்ற வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். டாம்பூனோ கப்போ தடையில்லாமல் பயன்படுத்தலாம்; பேட் நனைந்து ஊறிவிடும்.

ஒரே வருடத்தில் விறைத்துப்போய் நாற்றமடிக்கிறது

நல்ல தண்ணீரில் அலசாமல் காரின் பின்னால் போட்டுவைத்தது காரணமாக இருக்கும். வெந்நீர், சலவை இயந்திரம், துணி உலர்த்தி மூன்றும் கூடாது. குளிர்ந்த தண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, இடுப்பில் மடித்து நிழலில் போடுங்கள். தோளில் தொங்கவிட்டால் ஈர எடையில் தோள் நீண்டுவிடும். நேர் வெயில் ரப்பரை இறுக்கிவிடும். பழைய சூட்டை இரண்டாம் கையாக வாங்கும்போதும் இதையே பாருங்கள்: அக்குளையும் முழங்கையையும் மடித்து விடுங்கள். மடித்த இடத்தில் நுண்ணிய வெடிப்புக்கோடு தெரிந்தால் என்ன விலை சொன்னாலும் வேண்டாம்.

ஊருக்குப் போகிறவர்கள் கோவளத்துக்கோ அறுகம் குடாவுக்கோ இந்தச் சூட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. அங்கே தண்ணீர் 26 டிகிரிக்கும் மேல். வெயிலுக்கு ஒரு முழுக்கை லைக்ரா மேலாடையும் லெக்கிங்ஸும் எடுத்துவையுங்கள்.